மலைப்பக்கமா, கடல்பக்கமா

வைனிஹா, கவாய் தீவு, ஹவாய்
மார்ச் 5, 2023

கமுவேலாவுக்கு,

இந்த வீட்டின் பொதுக்குழு இன்று காலை காப்பிக்குப் பிறகு கூடியது. துணி காயப்போடும் கொடியைச் சீமைப்பலா மரத்திலிருந்து அவிழ்த்து, கொட்டகைத் தூணில் கட்டுவது என்று நீண்ட விவாதத்துக்குப் பின் தீர்மானம் நிறைவேறியது. ஆதரவு ஒன்று, எதிர்ப்பு இல்லை, பூனை நடுநிலை. அப்பா காலத்திலிருந்து அசையாத கொடி அது என்பதால் முடிவின் கனம் உனக்குப் புரியும்.

கொடியை நகர்த்தக் காரணம், மண் தோண்டும் இயந்திரம் உள்ளே வரவேண்டும். இயந்திரம் வரக் காரணம், கழிப்பறைக் குழி. பழைய மலக்குழிகளை எல்லோரும் மூடிவிட்டு செப்டிக் டேங்க் கட்டவேண்டும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. 2050 வரை அவகாசம் உண்டாம். என் குழி அவ்வளவு பொறுமைசாலி அல்ல.

இயந்திரம் ஓட்டுகிறவன் நம் சின்னம்மா மகன் கைப்போ. வந்து அளந்து பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். "அக்கா, குழாய் பெரணிப் பாத்தி வழியாத்தான் போகணும். பாதிப் பாத்தி போயிடும். அந்தப் பாதியில ஜல்லியக் கொட்டி மூடிடுவோம், அப்புறம் அங்க ஒண்ணும் முளைக்காது. மலைப்பக்கமா கடல்பக்கமா? நீங்க சொல்றதுதான்" என்றான்.

இதற்காகத்தான் எழுதுகிறேன்.

அம்மா கல்யாணமாகி வந்தபோது மகானா மலையடியிலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த லௌவாயே பெரணி அது. கசக்கினால் மாலை கட்டும் மைலேக் கொடியின் வாசனை வரும், வாடும்போது அதைவிட அதிகம் வரும் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். அம்மாவின் சாவுக்கு வந்தவன், "பாத்தி வழுக்கையா இருக்கு, வர்றவங்க என்ன நினைப்பாங்க" என்று லிஹூவேயில் ஏதோ நாற்றுக்கடையிலிருந்து புதிய பெரணி வாங்கிவந்து அதன் ஓரத்தில் நட்டாய். இலை அதே இலை, பளபளப்பு அதே பளபளப்பு, வாசனை மட்டும் கிடையாது. இந்த மூன்று வருஷத்தில் இரண்டும் தரையோடு தண்டு ஓட்டி நடுவில் கைகோத்துக்கொண்டுவிட்டன. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. மூக்கால்தான் முடியும்.

என் மூக்கு போய்விட்டது. ஊருக்கெல்லாம் வந்த அந்தக் காய்ச்சலில் போனது. முதலில் காப்பி போனது, அடுத்தது மீன், கடைசியில் பூனை. பூனை போனதில் எனக்கு வருத்தமில்லை. திரும்பி வரும் என்றார் டாக்டர். அந்த டாக்டர் வேறு தீவுக்கு மாறிப் போய்விட்டார்.

இது இங்கே யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. ஒவ்வொரு ஏப்ரலிலும் ஹீலோ நடனப் போட்டியில் மேடை ஏறுமுன் உலுலானி தன் ஹூலா நடன மாணவிகளை அழைத்துக்கொண்டு, மாலைக்கு இலை பறிக்க நம் வீட்டுக்குத்தான் வருகிறாள். இந்தப் பள்ளத்தாக்கில் என்னை யாரும் என் அழகுக்காக மதிக்கவில்லை. யாரையாவது கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னால், உங்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார்கள்.

நீ நட்டது எந்தப் பக்கம்? மலைப்பக்கம் என்றுதான் எனக்கு நினைவு. அதை மட்டும் எழுது. தொலைபேசி வேண்டாம். அந்தச் சாதனத்தை ஏன் பிடுங்கிப் போட்டேன் என்று உனக்குத் தெரியும்.

லுவானா

*

வையனாய், ஒவாஹு தீவு
மார்ச் 10

அன்புள்ள அக்கா,

மூன்று வருஷம் கழித்து உன் கையெழுத்தில் ஒரு கடிதம். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பிரித்தால் துணிக்கொடி. போகட்டும். நீ எழுதினாயே, அதுவே பெரிது என்று எர்லிண்டா சொல்கிறாள். என்னைக் கட்டிக்கொண்டாலும் அவள் எப்போதும் உன் கட்சி.

பெரணி விஷயத்துக்கு வருகிறேன். நான் நட்டது கடல்பக்கம். இதில் சந்தேகமே வேண்டாம். மண்டியிட்டு நடும்போது கடல் என் முகத்துக்கு நேராக இருந்தது, இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அலை உயரமாக இருந்த நாள் அது. ஓரத்தில் நட்டேன், ஆழமாகப் புதைத்தேன். நீ பின்னாலிருந்து, "தண்டைப் புதைக்காதடா, அது மண்ணுக்கு மேல கிடக்கணும், அழுகிடும்" என்று கத்தினாய். அழுகவில்லை பார்த்தாயா?

அதனால் கடல்பக்கத்தைத் தோண்டச் சொல். மலைப்பக்கம் அம்மாவுடையது.

தொலைபேசியைப் பற்றி நீயே பேச்செடுத்ததால் சொல்கிறேன். அன்றைக்கு சுற்றுலா பஸ் நிறைய ஆள். டயமண்ட் ஹெட் மலையைத் திரும்பிப் பாருங்கள் என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நீ கூப்பிட்டு, அம்மா உன் குரலைக் கேட்கவேண்டும் என்கிறாள் என்கிறாய். அத்தனை பேர் முன்னால் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் என்ன பேசுவது? "அப்புறம் கூப்பிடுறேன்" என்றேன். அப்புறம் கூப்பிட்டேன். நீ எடுத்தாய். அதற்குள் அம்மா இல்லை.

அவ்வளவுதான் நடந்தது. அதற்குமேல் என்னிடம் விளக்கம் எதுவும் இல்லை.

நானே விமானம் ஏறி வந்து மோந்து பார்த்துச் சொல்லிவிடலாம்தான். ஆனால் செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் எனக்கு வேலை இருக்கிறது. உனக்குச் சொல்லவில்லை. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. அங்கே உன் இயந்திரம் மண்ணைத் தோண்டுகிறது, இங்கே ஓர் இயந்திரம் என் ரத்தத்தைக் கழுவுகிறது. நடுவில் கிடைக்கிற நாளில் கட்டிலில் கிடக்கத்தான் தெம்பு இருக்கிறது. பஸ்ஸை எப்போதோ விட்டுவிட்டேன். பயப்படாதே.

நான் சொல்வதை நீ நம்பமாட்டாய் என்று தெரியும். சின்ன வயதிலிருந்தே நம்பியதில்லை. ஒன்று செய். மலைப்பக்கத்து இலை ஓர் உறையில், கடல்பக்கத்து இலை ஓர் உறையில், பெயர் எழுதித் தபாலில் அனுப்பு. வாடினால் வாசனை ஏறத்தான் செய்யும். மோந்து பார்த்து எழுதுகிறேன்.

தம்பி
கமுவேலா

*

வைனிஹா
மார்ச் 15

கமுவேலாவுக்கு,

தம்பியின் சிறுநீரகம் போன செய்தி பெரணிச் செய்தியின் வாலில் தொங்கிக்கொண்டு வருகிற குடும்பம் நம்முடையது. எழுதியதற்கு நன்றி. எப்போதிலிருந்து? ஊசி எந்தக் கையில்? உப்பு சேர்க்கலாமா? எர்லிண்டாவை எழுதச் சொல். நீ எழுதினால் அலை உயரமாக இருந்தது என்று ஆரம்பிப்பாய்.

தொலைபேசியைப் பற்றி நான் விளக்கம் கேட்கவில்லை.

இலைகளை அனுப்பியிருக்கிறேன். இரண்டு உறை, மேலே பக்கம் எழுதியிருக்கிறது. கலக்காதே.

இதற்குள் இங்கே ஒரு நிபுணரைக் கலந்தாலோசித்தேன். பக்கத்து வீட்டுக்குக் கலிபோர்னியாவிலிருந்து வந்திருக்கும் கிரெக். வெளியூர்க்காரன் என்பதால் அவனிடம் கேட்டால் கௌரவம் குறையாது என்று கணக்கிட்டேன். மலைப்பக்கத்து இலையைக் கசக்கிக் கொடுத்தேன். "அடடா, அற்புதம்!" என்றான். கடல்பக்கத்து இலையைக் கொடுத்தேன். "இதுவும் அற்புதம்!" என்றான். விடியற்காலையில் அவன் ஜன்னலுக்குக் கீழே கூவும் சேவலைப் பற்றியும் அவனுக்கு அதே அபிப்பிராயம்தான். அவனை வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கும் வரமுடியாது.

இரண்டு பக்கத்திலும் கொஞ்சம் பிடுங்கித் தொட்டியில் வைத்தால் என்ன என்று கேட்பாய். கைப்போவும் கேட்டான். வைத்தேன், இரண்டு முறை. முதல் முறை ஊர்க்கோழிகள் கிளறி வேரை வெயிலில் போட்டன. இரண்டாம் முறை வலை கட்டினேன். மலையிலிருந்து பன்றி இறங்கி வந்து வலையோடு தின்றது. பாத்தியில் இருப்பது பழைய சுவர்க்கல்லைப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் பிழைத்திருக்கிறது.

நேற்று உலுலானி பாலத்தடியில் எதிரே வந்தாள். "அத்தை, இலை எப்படி இருக்கு? போன வருஷம் மேடையில ஆடும்போது பார்க்கிறவங்கல்லாம் கழுத்த நீட்டினாங்க. இந்த வருஷம் மாலை இன்னும் தடிமனா கட்டப்போறோம்" என்றாள். கையில் ஓர் இலை இருந்தது. கசக்கி, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி "ம்ம்ம்" என்றேன். "ம்ம்ம்" என்று சொல்ல மூக்கு தேவையில்லை என்பதை இந்த இரண்டு வருஷத்தில் கற்றுக்கொண்டிருக்கிறேன். அவளும் கண்ணை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்றாள். அது எந்தப் பக்கத்து இலை என்று அப்போதுதான் யோசித்தேன். அது பெரணியே இல்லை. வழியில் பறித்த ஏதோ ஒன்று. மரியாதை தெரிந்த பெண்.

ஆனால் மேடை மாலைக்கு இலை எடுக்கும்போது மரியாதை பார்க்கமாட்டாள். ஒவ்வொன்றாக மோந்துதான் எடுப்பாள்.

சீக்கிரம் எழுது.

லுவானா

*

வையனாய்
மார்ச் 20

அன்புள்ள அக்கா,

நீ திட்டுவதற்குமுன் முழுக்கப் படி.

உறைகள் சனிக்கிழமை வந்தன. நான் அப்போதுதான் ரத்தம் கழுவி முடித்து வீட்டுக்கு வந்திருந்தேன். பிரித்து, இரண்டையும் மேஜைமேல் தனித்தனியாகப் பரப்பி, மலைப்பக்கத்து இலையை எடுத்து மோந்தேன். இரும்பு வாசனை. கடல்பக்கத்து இலையை எடுத்து மோந்தேன். அதுவும் இரும்பு. ஒரு வாழைப்பழத்தை எடுத்து மோந்தேன், இரும்பு. (தின்னவில்லை. எனக்கு வாழைப்பழம் கூடாது.) அப்போதுதான் உறைத்தது. கொஞ்ச நாளாகவே எர்லிண்டா சமையல் நாணயத்தை நக்குவது போலிருக்கிறது என்று குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அவளைத் திட்டினேன் பாவம். சிறுநீரகம் போனவர்களுக்கு அப்படித்தான் ஆகும் என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தாள். போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விடுமாம்.

ஆக அம்மா பெற்ற பிள்ளைகள் இரண்டு பேருக்கும் மூக்கு இல்லை.

எர்லிண்டாவுக்கு நல்ல மூக்கு. பக்கத்துத் தெருவில் பால் பொங்கினால் சொல்வாள். அவள் வரட்டும் என்று இலைகளை அப்படியே விட்டுவிட்டுப் படுத்தேன். எழுந்து பார்த்தால் மேஜை சுத்தமாக இருக்கிறது.

"இலை எங்க?"

"எந்த இலை? அந்த லௌவாயேவா? அடேயப்பா, கதவத் திறந்ததும் என்ன வாசனை! வீடே மணந்துச்சு. வாடிக் கிடக்குதே, பாவமா இல்லையா உங்களுக்கு?"

"அது அக்கா அனுப்பினது. எது மணக்குதுன்னு பாக்க."

"மணந்துச்சுன்னுதானே சொல்றேன். நம்ம நர்ஸுப் பொண்ணுக்கு இன்னிக்குக் கடைசி நாளு. வெறுங்கழுத்தோடயா அனுப்புறது? மொத்தத்தையும் மாலையாக் கட்டிக் கொண்டுபோய்ப் போட்டுட்டு வந்தேன்."

அவளை நான் என்ன சொல்ல? இத்தனை வாசனையுள்ள இலையை மேஜையில் சும்மா போட்டுவைத்திருந்தால் நீயும் அதைத்தான் செய்திருப்பாய். அம்மா இன்னும் சீக்கிரமாகச் செய்திருப்பாள். அந்தப் பெண் மாலையைப் போட்டுக்கொண்டு வார்டைச் சுற்றி வந்தாளாம். இயந்திரத்தோடு படுத்திருந்தவர்களெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தார்களாம். ஒரு கிழவர், "யார் கவாயிலிருந்து வந்தது?" என்று கேட்டாராம்.

ஆகவே வாசனை இருக்கிறது, அது நிச்சயமாகிவிட்டது. எந்தப் பக்கம் என்பதுதான் தெரியவில்லை. மாலையைத் திருப்பிக் கேட்கலாமென்று பார்த்தேன். மாலையைக் குப்பையில் போடக்கூடாது என்ற முறைப்படி அந்தப் பெண் அதைத் தன் வீட்டு மரத்தடியில் மண்ணோடு சேர்த்துவிட்டாள்.

மறுபடியும் அனுப்பு அக்கா. இந்த முறை வாசற்படியிலேயே எர்லிண்டாவை உட்காரவைக்கிறேன்.

கடல்பக்கம்தான் நான் நட்டது. சத்தியமாகச் சொல்கிறேன்.

கமுவேலா

பி.கு. அவள் எழுதச் சொன்னாள்: ஊசி இடது கையில். உப்பு கூடாது. ஒன்றரை வருஷமாக. உப்பில்லாமல் மீன் காயவைக்க முடியுமா என்று உன்னைக் கேட்கச் சொன்னாள்.

*

வைனிஹா
மார்ச் 23

கமுவேலாவுக்கு,

திட்டவில்லை. திட்டுவதற்கு ஆள் யார் என்று யோசித்துப் பார்த்தேன். எர்லிண்டா செய்தது சரி. நர்ஸ் செய்ததும் சரி. இலை செய்ததும் சரி. நம் வீட்டில் எல்லாரும் சரியாகத்தான் செய்கிறார்கள்.

மறுபடி அனுப்பியிருக்கிறேன். மலைப்பக்கத்துக் காம்புகளில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். கடல்பக்கத்துக்கு நூல் இல்லை. சீக்கிரம் சேரவேண்டும் என்பதால் அஞ்சலகத்தில் கொடுத்த பெட்டியில் எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கியிருக்கிறேன். கழுத்தில் அணிவதற்கல்ல என்று பெட்டிமேலேயே எழுதியிருக்கிறேன். அஞ்சலகப் பெண் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஏப்ரல் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை கைப்போ வருகிறான். தள்ளிப்போடச் சொன்னேன். "அக்கா, மெஷினு எங்கிட்ட ஒரு நாள்தான் இருக்கும், அப்புறம் கிலாவேயா ஊருக்குப் போயிடும். உங்க குழியப் பாத்தீங்களா? மழ பெஞ்சா அது உங்கள விட்டு எங்கயும் போகாது" என்றான். மழை பெய்கிறது.

சனிக்கிழமைக்குள் உன் பதில் என் கையில் இருக்கவேண்டும்.

அந்தக் கிழவருக்கு என்ன ஊராம்?

லுவானா

*

வையனாய்
மார்ச் 28

அக்கா,

அவசரத் தபாலில் அனுப்புகிறேன், சுருக்கமாக.

பெட்டி இன்று வந்தது. எர்லிண்டாவே வாசலில் நின்று வாங்கினாள். கையைக் கழுவி, ஜன்னலைத் திறந்துவைத்து, கண்ணை மூடிக்கொண்டாள். நான் ஒவ்வொன்றாக அவள் மூக்கின் கீழே நீட்டினேன். சிவப்பு நூல்.

"மணக்குது."

நூல் இல்லாதது.

"மணக்குது."

மறுபடி சிவப்பு. "மணக்குது." நூல் இல்லாதது. "இதுவும் மணக்குதுங்க. நான் என்ன பண்ணட்டும்? பெட்டியே மணக்குது. ஒட்டியிருக்கிற டேப்பு மணக்குது. உங்க சட்டை மணக்குது."

ஐந்து நாள் ஒரே பெட்டிக்குள் கிடந்ததில் ஒன்றின் வாசனை எல்லாவற்றிலும் ஏறிவிட்டது. இலைகளைத் தண்ணீரில் கழுவிப் பார்த்தோம். தண்ணீர் மணந்தது.

இனி அனுப்பி, மோந்து, எழுத நாள் இல்லை. என் பேச்சு ஒன்றுதான் மிச்சம். நான் மண்டியிட்டேன், கடல் என் முகத்துக்கு நேராக இருந்தது. கடல்பக்கத்தைத் தோண்டச் சொல் அக்கா. இந்த ஒரு தடவை என்னை நம்பு.

கிழவருக்கு நம் பக்கத்து ஊர் ஹனலெய். எனக்கு அடுத்த கட்டில். வியாழக்கிழமை மறுபடி கேட்டார், அந்த மாலைக்காரி எங்கே என்று.

கமுவேலா

*

வைனிஹா
ஏப்ரல் 11

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் சனிக்கிழமை மாலை வந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ மலைப்பக்கத்துப் படிக்கட்டில் சேற்றுக் காலோடு ஏறியதாக என் நினைவு சொல்கிறது. ஆனால் அன்றைக்கு வீட்டில் எல்லாப் படியிலும் சேறு. என் நினைவைப் பற்றியும் சில நாளாக எனக்குப் பெரிய மதிப்பு இல்லை. நீ சத்தியம் செய்கிறாய். அம்மா உன்னைக் கேட்ட அன்று உன் காரணத்தை நான் ஏற்கவில்லை. அதை இப்போது ஏற்று அம்மாவுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. உன் இந்த ஒரு வார்த்தையையாவது எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

திங்கட்கிழமை காலை கைப்போ வந்து, இயந்திரத்தை ஓடவிட்டுக்கொண்டே, "அக்கா, மலைப்பக்கமா கடல்பக்கமா?" என்று கத்தினான். "கடல்பக்கம்" என்றேன். "நிச்சயமா?" என்றான். "தம்பி சொல்லியிருக்கான்" என்றேன். அவன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். நம் இருவரையும் சிறு வயதிலிருந்து தெரிந்தவன் அல்லவா? பிறகு கடல்பக்கம் போனான்.

மத்தியானத்துக்குள் குழாய் இறங்கி, ஜல்லியும் கொட்டியாகிவிட்டது. வேலை சுத்தம். கழிப்பறை நன்றாக வேலை செய்கிறது. மலைப்பக்கத்துப் பெரணியில் ஓர் இலைகூட மடங்கவில்லை.

எல்லாரும் போனபிறகு அந்த மலைப்பக்க ஓரத்தில் மண்டியிட்டுப் பார்த்தேன். அங்கிருந்தும் கடல் முகத்துக்கு நேராகத்தான் தெரிகிறது.

புதன்கிழமை உலுலானி மாணவிகளோடு கூடை எடுத்துக்கொண்டு வந்தாள். வழக்கம்போல் வாசலிலேயே நின்று, பாட்டுப் பாடி உத்தரவு கேட்டார்கள். நானும் வாருங்கள் என்று பாடினேன். உலுலானி குனிந்து ஓர் இலையைப் பறித்துக் கசக்கினாள். இன்னொன்றைப் பறித்துக் கசக்கினாள். உள்ளே தள்ளிப் போய் இன்னொன்று. பெண்கள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"அத்தை, இந்த வருஷம் மழை ஜாஸ்தியில்ல?" என்றாள்.

"ஆமாம், ஜாஸ்தி" என்றேன்.

"மழை ஜாஸ்தியானா இலை கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்."

"இருக்கும்" என்றேன்.

உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். ஒரு பெண் பூனையைத் தூக்கிவைத்துக்கொண்டாள். உலுலானி உன் உடம்பைப் பற்றி விசாரித்தாள். கைப்போ சொல்லியிருக்கிறான் போல. வெறுங்கூடையோடு போகும்போது என்னைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் அதிக நேரம் நின்றாள்.

எர்லிண்டாவிடம் சொல், உப்பில்லாமல் மீன் காயவைக்க முடியாது. முயன்று பார்த்தேன், பூனையும் தொடவில்லை. அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை அங்கே வரலாம் என்றிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை உன்னோடு அந்த இடத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பேன். ஹனலெய்க்காரரிடம் பெரணியைப் பற்றி ஒன்றும் சொல்லவேண்டாம்.

ஹூலாக் குழு இன்று ஹீலோவுக்குக் கிளம்புகிறது. மாலைக்கு இலை கிலாவேயாவில் ஒரு வீட்டிலிருந்து எடுத்தார்களாம்.

அக்கா
லுவானா